கரண்ட் வைக்கலாமா, வேண்டாமா?
கர்ப்பப்பைப் புற்றுநோயும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. திருநெல்வேலியிலும் அதுதான், உப்பலிலும் அதுதான். இங்குள்ள தெலுங்குக்காரர்களும் ‘கரெண்ட் பெட்டடம்’ என்றே சொல்கிறார்கள். உண்மையில் இந்தச் சிகிச்சையில் நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. பாய்வது எக்ஸ்ரே வகையைச் சேர்ந்த, அதைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட கதிர். அது உள்ளே போகும்போது சூடு தெரியாது, வலி தெரியாது. இருந்தாலும் பெயர் பெயர்தானே. ‘கரண்ட்’ என்று சொன்ன உடனே ஷாக்கும் கருகலும் சேர்ந்தே மனத்துக்குள் வந்துவிடுகின்றன.

எங்கள் மதினிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று ராமந்தாப்பூர் வீட்டில் எல்லோரும் கூடிவிட்டோம். ஸ்டேஜ் இரண்டு-பி, ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சும் கூடவே வாரம் ஒரு கீமோவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “ஆபரேஷன் வேண்டாம்னு சொல்றாங்கன்னா முத்திப் போச்சுன்னு அர்த்தம், கைவிட்டுட்டாங்க” என்றார் பெரியவர் ஒருவர். “எதுக்கும் பொங்கல் கழியட்டும், ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கலாம்” என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அம்மா தன் பங்குக்கு, “கரெண்ட் மாத்ரம் பெட்டிஞ்சுகோவத்து” என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு பேச்சும் கூடத்தில் நடந்தது. மதினி அடுப்படியில் இருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: “கரண்டு வச்சா உள்ளயெல்லாம் கருகிப் போயிருமாமே, நெசமாவா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்தவையும், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கேட்டவையுமே இக்கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் உரிய முடிவு அவரவர் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியதே. ஆனால் டாக்டரிடம் எதைக் கேட்பது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் அதனால் இறந்தார்கள். இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘கர்ப்பப்பைக் கேன்சர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதும், தெலுங்கில் ‘கர்ப்பசஞ்சி கேன்சர்’ என்பதும் உண்மையில் ஒரு நோய் அல்ல. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியாகிய வாயில் வருவது ஒன்று. கர்ப்பப்பையின் உட்சுவரில், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வருவது வேறொன்று. சினைப்பையில் வருவது இன்னொன்று. இவற்றில் சினைப்பைக்கு ஆபரேஷனும் கீமோவும்தான் முக்கியம். கதிர்வீச்சுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. வாயில் வந்ததற்கும் உட்சுவரில் வந்ததற்கும் கதிர்வீச்சு உண்டு, ஆனால் ஒன்றில் அதுவே மூல சிகிச்சை, மற்றதில் அது பெரும்பாலும் துணைச் சிகிச்சை. ஆகவே ‘எங்க சித்திக்கு வைக்கவே இல்லையே, உனக்கு எதுக்கு?’ என்று ஒருவர் சொன்னால், சித்திக்கு வந்தது எந்த இடத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வாயில் வரும் புற்றை எடுத்துக்கொள்வோம். அது வாயோடு நின்றிருந்தால் ஸ்டேஜ் ஒன்று. பக்கவாட்டுத் திசுவுக்குள் இறங்கிவிட்டால் இரண்டு-பி. இடுப்பெலும்புச் சுவர் வரை போனால், அல்லது சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகம் வீங்கினால், அல்லது நெறிகட்டிகளுக்குப் பரவியிருந்தால் மூன்று. பக்கவாட்டில் இறங்கிய நோயைக் கத்தியால் முழுசாக எடுக்க முடியாது. ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தே தீரும். கதிருக்கு அந்தத் தடை இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேர்கள் இருக்கும் இடத்தையும் சேர்த்து அது தொடும். ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்று டாக்டர் சொல்வதற்கு இதுதான் காரணம். குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் அதைச் சொல்கிறார். கைவிடுகிற டாக்டர் ஐந்து வாரம் தினமும் வா என்று சொல்ல மாட்டார்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898-ல். ஐந்தே ஆண்டுகளில், 1903-ல், நியூயார்க்கில் மார்கரெட் கிளீவ்ஸ் என்ற பெண் மருத்துவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ரேடியம் வைத்துப் பார்த்தார். நம் பக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே 1957-ல் கனடாவிலிருந்து வந்த கோபால்ட் கருவி பொருத்தப்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வைத்துக்கொண்டு பார்த்த நோயாளிகளில் மிகப் பெரும் பங்கினர் கர்ப்பப்பை வாய்ப் புற்றோடு, அதுவும் முற்றிய நிலையில் வந்த ஏழைப் பெண்கள். ஹைதராபாத்தில் 1955-லேயே மெஹ்தி நவாஸ் ஜங்கின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை வந்துவிட்டது. இவர்தான் பிறகு குஜராத்தின் முதல் கவர்னரானவர். ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. மருத்துவமனை அவர் பெயரில்தான் நடக்கிறது. இப்போது நாம் பயப்படும் ‘கரண்ட்’ நம் பாட்டி காலத்திலிருந்து நம்மூர்ப் பெண்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

எத்தனை பேரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் கணக்கே இருக்கிறது. மூன்று-பி ஸ்டேஜில் இருந்த 850 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும், மறு பிரிவுக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 46, இரண்டாவதில் 54. மூன்று-பி என்றால் நம் வீடுகளில் காரியத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நிலையிலேயே பாதிக்கு மேல் என்பதை யோசித்துப் பாருங்கள். ‘முதல்ல கீமோ கொடுத்துச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன் பண்ணிடலாமே’ என்ற கேள்வியையும் அதே மருத்துவமனை 633 பெண்களிடம் சோதித்தது. அவர்கள் ஒன்று-பி-2 முதல் இரண்டு-பி வரையிலான ஸ்டேஜில் இருந்தவர்கள். ஐந்து ஆண்டு நோயின்றி இருந்தவர்கள் ஆபரேஷன் வழியில் நூற்றுக்கு 69, கீமோ சேர்த்த கதிர்வீச்சு வழியில் 77. உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் 75 பேர் அளவில் சமம். ஆக, மதினியின் ஸ்டேஜில் ஆபரேஷன் கிடைக்கவில்லையே என்று நாங்கள் வருத்தப்பட்டதில் அர்த்தமே இல்லை.

கதிர்வீச்சு தொடங்குமுன் ஆறு வாரம் கீமோ கொடுத்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 72-லிருந்து 80 ஆக உயர்கிறது என்று இந்தியாவும் பங்கேற்ற இன்டர்லேஸ் ஆய்வு 2024-ல் சொன்னது. இம்யூனோதெரபி ஊசியைச் சேர்ப்பதிலும் பலன் தெரிந்திருக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டுகிறது. இவை தமக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் எல்லாமே கதிர்வீச்சோடு சேர்ப்பவை. அதற்குப் பதிலாக வந்தவை அல்ல.

ஸ்டேஜ் ஒன்றில், சின்னக் கட்டியாக இருக்கும்போதுதான் உண்மையாகவே இரண்டு வழி உண்டு. இத்தாலியில் 343 பெண்களிடம் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் கதிர்வீச்சு எடுத்தவர்களும் ஐந்து ஆண்டில் சமமாகவே, நூற்றுக்கு 83 பேர், பிழைத்திருந்தார்கள். கடுமையான தொந்தரவுகள் ஆபரேஷன் பிரிவில் 28 சதவீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 12. ஏன் இந்த வித்தியாசம்? ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு, வெட்டி எடுத்ததைச் சோதித்த பிறகு, மேலே கதிர்வீச்சும் தேவைப்பட்டது. இரண்டும் ஒரே உடம்பில் விழும்போதுதான் குடலும் சிறுநீர்ப்பையும் அதிகம் அவதிப்படுகின்றன. எனவே ஆரம்ப நிலையில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஆபரேஷன் செய்தால் அதோடு முடிந்துவிடுமா, அப்புறம் கரண்டும் வைக்க வேண்டியிருக்குமா?’ என்பது. முடிந்துவிடும் என்ற வாய்ப்பு அதிகமானால் ஆபரேஷனுக்குப் போகலாம். சின்ன வயதுப் பெண்ணாக இருந்தால் சினைப்பையைக் காப்பாற்றலாம் என்பது அதில் கூடுதல் லாபம். இரண்டும் வேண்டியிருக்கும் என்று முதலிலேயே தெரிந்தால், நேரே கதிர்வீச்சுக்கே போய்விடுவது உத்தமம்.

ஆபரேஷன் செய்து, பிறகு சோதனையில் கட்டி பெரிது, ஆழமாக இறங்கியிருக்கிறது, நுண்குழாய்களில் புகுந்திருக்கிறது என்று தெரிய வந்தால், மேற்கொண்டு கதிர்வீச்சு கொடுத்ததில் நோய் திரும்புவது 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது என்று 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நெறிகட்டியில் நோய் இருந்தாலோ வெட்டிய ஓரத்தில் இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், கதிர்வீச்சும் கீமோவும் சேர்ந்தே வேண்டும்.

இந்த இடத்தில் நம் தெலங்கானாவுக்கென்று ஒரு சங்கதி உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிடும் ஆபரேஷன் நாட்டிலேயே மிக அதிகமாக நடப்பது ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. வெள்ளைப்படுதல், இரத்தப்போக்கு என்று போகிற பெண்ணிடம் ‘பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு அது, எடுத்துரலாம்’ என்று சொல்லி, வாயிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்காமலே சாதாரண ஆபரேஷன் செய்துவிடுவார்கள். பிறகு பார்த்தால் உள்ளே புற்று. அது அரைகுறை ஆபரேஷனாகிவிடுகிறது, சிகிச்சையும் சிக்கலாகிவிடுகிறது. பெரும்பாலும் கதிர்வீச்சில்தான் போய் முடியும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, தாம்பத்திய உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்குமுன் வாயைப் பார்த்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்று. இங்கேதான் ‘வேண்டாம்’ என்பதும் ஒரு நியாயமான பதிலாக இருக்கலாம். பெரும்பாலும் இதற்கு முதலில் ஆபரேஷன். நெதர்லாந்தில், ஆரம்ப நிலை நோய்க்கு ஆபரேஷன் முடிந்த 700-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது கதிர்வீச்சு இல்லாதவர்களில் 14 சதவீதம், எடுத்தவர்களில் 4 சதவீதம். ஆனால் ஐந்து ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சு இல்லாமல் 85, கதிர்வீச்சோடு 81. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு யோனியின் மேல்முனையில்தான் திரும்பியது, அப்போது கொடுத்த சிகிச்சையில் பலரும் குணமானார்கள். அடுத்த ஆய்வு 2010-ல் வந்தது. நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு வெளியிலிருந்து ஐந்து வாரம் கொடுக்காமல், யோனிக்குள் மட்டும் சில தடவை கொடுத்தாலே அங்கே நோய் திரும்புவதை இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்திவிடலாம், குடல் தொந்தரவும் குறைவு என்று தெரிந்தது.

ஆகவே உட்சுவர்ப் புற்றில் தாழ்ந்த அபாயம் என்றால் ஒன்றும் வேண்டாம். நடுத்தரம் என்றால் உள் கதிர்வீச்சு மட்டும். உயர்ந்த அபாயம் என்றால் வெளிக் கதிர்வீச்சும், பலருக்குக் கீமோவும். இப்போது கட்டியின் மரபணுத் தன்மையைப் பார்த்தும் பிரிக்கிறார்கள். பி-53 என்ற புரதம் கோளாறாக இருந்தால் நோய் முரட்டுத்தனம். போல்-ஈ மரபணு மாற்றம் இருந்தால் சாது. பயாப்ஸி கட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்தச் சோதனைகளைப் பின்னாலும் செய்துகொள்ளலாம். நடுத்தர அபாயத்தில் இருக்கும் ஒரு பெண், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘நான் ஒழுங்காக செக்-அப்புக்கு வருகிறேன், இப்போதைக்கு வேண்டாம்’ என்றால் அது அறியாமை ஆகாது. அதே வார்த்தையை இரண்டு-பி வாய்ப் புற்றுக்காரர் சொன்னால் உயிருக்கே ஆபத்து. ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில். நம் வீட்டுக் கூடத்துப் பேச்சுகளில் தொலைந்துபோவது இந்த வித்தியாசம்தான்.

சரி, எப்படிக் கொடுக்கிறார்கள்? முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்கள். இடுப்பில் மையால் புள்ளி வைப்பார்கள். அது அழியாமல் குளிக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, வழக்கமாக 25 நாள். தினம் மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கிக் கதிரிலிருந்து தப்பும் என்பதால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். மதினிக்குக் கதிரைவிட இதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். வெளியிலிருந்து வழக்கமாக 45 கிரே. அதை ஒரே நாளில் கொடுத்தால் நல்ல திசுவும் செத்துப்போகும். சிறுகச் சிறுகக் கொடுத்தால், கதிர் அறுத்த மரபணு இழையை நல்ல செல்கள் ராத்திரியில் ஓரளவு தைத்துக்கொள்கின்றன, புற்றுச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மதினியின் கேள்விக்கு இதுதான் பதில்: உள்ளே எல்லாம் கருகுவதில்லை. சில நாள் எரியும், சில காலம் புண்ணாகும், பெரும்பகுதி ஆறும்.

ஆனால் இடைவெளி விட்டால் புற்றுச் செல்லும் தேறிக்கொள்ளும். வெளியும் உள்ளுமாக மொத்தச் சிகிச்சை எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம்வரை குறைகிறது என்பது பல ஆய்வுகள் சொல்லும் கணக்கு. ‘தீபாவளிக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து மிச்சத்தைப் பாத்துக்கலாம்’ என்பது இதனால்தான் கூடாது. நாங்கள் போன இடத்தில் நடுவில் நாலு நாள் மிஷின் ரிப்பேர். கேட்டால் சரியான பதில் சொல்ல ஆள் கிடையாது. விட்டுப்போனதைச் சனிக்கிழமையில் கொடுப்பீர்களா, அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை கொடுப்பீர்களா என்று என் அண்ணன் போய் நின்று கேட்ட பிறகுதான் சனிக்கிழமை ஏற்பாடாயிற்று. கேட்கத் தெரிந்ததால் கேட்டோம். கேட்கத் தெரியாமல் வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்!

வெளிக் கதிர்வீச்சு முடிந்ததும் பாதிப் பெண்கள் ‘முடிஞ்சுது’ என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். வாய்ப் புற்றுக்கு உயிர்நாடி அதன்பின் வரும் உள் கதிர்வீச்சு. மயக்கமோ முதுகில் மரப்பு ஊசியோ கொடுத்து, கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய்களை வைத்து, பெரும்பாலும் இரிடியம் என்ற தனிமத்தின் சின்னத் துணுக்கை மிஷினே உள்ளே அனுப்பிச் சில நிமிடம் நிறுத்தித் திரும்ப இழுத்துக்கொள்ளும். இரண்டு முதல் நாலைந்து தடவை. கதிரின் வலிமை தூரம் போகப்போகச் சட்டென்று குறையும் என்பதால் கட்டிக்கு மிக அதிகமாகவும் பக்கத்துக் குடலுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 1988-ல் இதைப் பெற்றவர்கள் 83 சதவீதம், 2009-ல் 58 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பெற்றவர்களில் நாலு ஆண்டுகளுக்குப் பின் 58 சதவீதமும் பெறாதவர்களில் 46 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். அவ்வளவு வசதியான நாட்டிலேயே இதை விட்டதற்கு விலை இதுவென்றால், நாம் கூச்சத்துக்காக விடலாமா? கூச்சம் பெரியதுதான். மதினி முதல் தடவைக்குப் போகும் முன் இரண்டு நாள் பேசவே இல்லை. சேர்ந்திருந்த ஒரு கரீம்நகர் அம்மா, தனக்கு மூன்று தடவை ஆகிவிட்டதாக விரலைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு செய்த வேலையை எங்கள் யார் பேச்சும் செய்யவில்லை. எந்த மருத்துவமனையில் சேருவதானாலும், ‘உள் கதிர்வீச்சு இங்கேயே உண்டா?’ என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

தொந்தரவுகளை மறைக்கவும் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து பேதி, மூத்திர எரிச்சல், அசதி வரும். ஆந்திரா ஊறுகாயும் கோங்குராவும் கொஞ்சநாள் ஒதுங்கியிருக்கட்டும், தயிர்சாதமே கதி. தலைமுடி இந்தக் கதிரால் கொட்டாது. வெளிக் கதிர்வீச்சு எடுத்தவரிடமிருந்து மற்றவருக்குக் கதிர் பாயாது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். இரத்தம் குறைவாக இருந்தால் கதிரின் பலனும் குறையும் என்பதால் ஹீமோகுளோபினைப் பார்த்து ஏற்றுவார்கள். மாதங்கள், வருஷங்கள் கழித்துச் சிலருக்கு மலத்திலோ மூத்திரத்திலோ இரத்தம் வரலாம், கால் வீங்கலாம். இதில் மிஷினின் வகைக்கும் பங்கு உண்டு. ஆபரேஷன் முடிந்த வாய்ப் புற்றுக்காரர்கள் 300 பேரிடம் டாடா மெமோரியல் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், குடலை விலக்கிச் செதுக்கிக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் மூன்று ஆண்டில் குடல் தொந்தரவு 21 சதவீதம், பழைய முறையில் 42. நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். எனவே வசதி இருந்தால் கேட்டு வாங்கலாம். அதற்குக் காசு இல்லையென்று சிகிச்சையையே தள்ளிப்போடக் கூடாது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு விஷயம் உண்டு. இடுப்புக் கதிர்வீச்சோடு சினைப்பையின் வேலை நின்றுபோகும். சின்ன வயதுக்காரருக்கு உடனே மாதவிடாய் நின்று, உடம்பெல்லாம் அனல் அடிக்கும், எலும்பு தேயும், இனிப் பிள்ளை சுமக்க முடியாது. கதிர்வீச்சு தொடங்கும் முன்பே சினைப்பையை மேலே தூக்கித் தைத்துவைக்கலாமா என்று கேட்டால்தான் உண்டு, பிறகு கேட்டுப் பயனில்லை. இரண்டாவது, யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க விரிப்பான் என்ற சிறு கருவியைச் சில மாதம் பயன்படுத்தச் சொல்வார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னால் டாக்டர் உள்ளே பார்த்துச் சோதிக்கவும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். ஐம்பது வயதுப் பெண்ணிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்லுவானேன் என்று இருந்துவிடுகிறார்கள். டாக்டர் முன்னால் நாற்காலியில் புருஷனும் கொழுந்தனும் உட்கார்ந்திருக்க, நோயாளி வெளியே பெஞ்சில் இருந்தால் இந்தப் பேச்சு எப்படி வரும்? அவரை உள்ளே உட்கார வைத்து, இரண்டு பேர் வெளியே வர வேண்டும்.

கடைசியாக, எங்கே? உப்பலில் நமக்கு எப்போதும் இருக்கும் சபலம் ‘ஊருக்குப் போயிடலாம்’. அடையாறும் வேலூரும் நல்ல இடங்கள்தான், ஐயமில்லை. ஆனால் இரண்டு மாதம் தினமும் போய்வர வேண்டிய சிகிச்சைக்கு, தங்க வீடும் சமைத்துப் போட ஆளும் எங்கே இருக்கிறதோ அங்கேயே எடுப்பது மேல். எம்.என்.ஜே.க்கு உப்பலில் மெட்ரோ ஏறி, அமீர்பேட்டையில் சிவப்புத் தடத்துக்கு மாறி, லக்டி கா புல்லில் இறங்கினால் ஆட்டோ தூரம். நிம்ஸ் அதே தடத்தில் பஞ்சகுட்டாவில். பஞ்சாரா ஹில்ஸில் 2000-ல் திறந்த பசவதாரகம் மருத்துவமனையும் இருக்கிறது. புற்றுநோயால் இறந்த தம் மனைவியின் நினைவாக என்.டி. ராமாராவ் நினைத்த மருத்துவமனை அது. முதல் மூன்று வாரம் மெட்ரோ போதும், பேதி தொடங்கிய பின் ஆட்டோதான் சௌகரியம்.

பணத்துக்கு, ரேஷன் கார்டு எந்த மாநிலத்தில் என்பதுதான் முதல் கேள்வி. தெலங்கானா கார்டு இருந்தால் ஆரோக்கியஸ்ரீ. 2023 டிசம்பரில் அதன் வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. கார்டு இன்னும் ஊரிலேயே இருந்தால் தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை நம்பி அங்கே போவதுதான் கட்டுப்படியாகும். தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. வழி உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. டாக்டரிடம் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். இரண்டாவது கருத்து வேண்டும் என்றால், டாடா மெமோரியலோடு இணைந்த ‘நவ்யா’ சேவையில் ரிப்போர்ட்டுகளை அனுப்பி வீட்டிலிருந்தே பெறலாம். எந்த ஊரானாலும், ஊர் மாறுவதானால் தொடங்குமுன் மாறுங்கள். பாதியில் மாறினால் திட்டம், ஸ்கேன், வரிசை எல்லாம் முதலிலிருந்து; எட்டு வாரக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

மதினிக்கு ஐந்து வாரமும் உள் சிகிச்சையும் முடிந்தது. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று போய்க்கொண்டிருக்கிறார். எத்தனை கிரே, எந்த இடத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை அவர் லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். ஒரு தடவை முழு அளவு வாங்கிய இடத்தில் மறுபடி அதே அளவு கொடுக்க முடியாது. பின்னாளில் ஊரோடு போய்விட்டால், அங்குள்ள டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.